கிரேக்கக் கதை தெரிந்தால் ஆங்கிலச் சொல் ஒட்டிக்கொள்ளும்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆங்கிலச் சொல்வளத்தைக் கூட்ட நினைப்பவர்கள் முதலில் கையில் எடுப்பது சொற்பட்டியலைத்தான். இந்தப் பக்கம் சொல், அந்தப் பக்கம் பொருள், நடுவில் ஒரு கோடு. டேன்டலைஸ் என்றால் ஆசைகாட்டுதல், மெர்க்யூரியல் என்றால் நிலையில்லாத, ஜோவியல் என்றால் கலகலப்பான, இப்படி வரிசையாக உருப்போட்டால் பரீட்சை ஹாலில் டேன்டலைஸும் டெரரைஸும் கலந்துபோய் நிற்கும். அதிலும் கிரேக்க, ரோமானியப் புராணங்களிலிருந்து வந்த சொற்களை இப்படிப் படிப்பது வீண் வேலை. ஒவ்வொன்றின் பொருளும் ஒரு கதையின் குறிப்பிட்ட ஒரு கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டால் சொல் மறக்காது, எந்த இடத்தில் போடலாம், எங்கே போடக் கூடாது என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சொற்கள் எல்லாம் ஒரே பாதையில் ஆங்கிலத்துக்கு வரவில்லை. சில, லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வாயில் தேய்ந்து தேய்ந்து வந்தவை. சில ஜோதிடர்கள் கொண்டுவந்தவை. சில விஞ்ஞானிகள் உட்கார்ந்து யோசித்துச் சூட்டியவை. மற்றவை பழைய காவியம் படித்தவர்கள் எடுத்தாண்டு நிலைத்துப்போனவை. ஒரு சொல் எந்தப் பாதையில் வந்தது என்று தெரிந்தால் அதன் குணமும் பிடிபடும்.

படி 1: ஏற்கெனவே வாயில் இருக்கும் சொற்களில் தொடங்குங்கள்

புதிய சொல் எதுவும் இப்போதைக்கு வேண்டாம். தமிழ் பேசும்போதே நாம் தினமும் சொல்கிற ஆங்கிலச் சொற்களில் சில நேராக கிரேக்கத் தெய்வங்கள் குடியிருக்கும் ஒலிம்பஸ் மலைக்குப் போய் முடிகின்றன.

அடுப்படியில் இருக்கும் கேஸ். 17ஆம் நூற்றாண்டில் பிரஸ்ஸல்ஸ் பக்கம் வாழ்ந்த யான் பாப்டிஸ்டா வான் ஹெல்மான்ட் என்ற வேதியியலாளர் 62 பவுண்டு ஓக் கரியை எரித்துப் பார்த்தார். மிஞ்சிய சாம்பல் ஒரு பவுண்டுதான். மீதி 61 பவுண்டு எங்கே போயிற்று? கண்ணுக்குத் தெரியாத, பாத்திரத்தில் பிடித்துவைக்க முடியாத ஏதோ ஒன்றாகப் போயிருக்க வேண்டும். அதற்கு அவர் வைத்த பெயர்தான் கேஸ். முன்னோர்கள் சொன்ன கேயாஸிலிருந்து இது அதிக தூரம் இல்லை என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். டச்சுக்காரர்கள் அந்த முதல் எழுத்தைத் தொண்டையிலிருந்து காறி உச்சரிப்பதால் இரண்டு சொற்களும் காதுக்கு நெருங்கியே கேட்கும். கேயாஸ் என்றால் இன்று நமக்குக் களேபரம். ஆனால் பழைய கிரேக்கக் கவிஞர் ஹெசியட் சொல்லும் படைப்புக் கதையில் எல்லாவற்றுக்கும் முன்னால் இருந்த பெரிய திறந்த வெளி, வாய் பிளந்த வெறுமை, அதுதான் கேயாஸ். ஒழுங்கில்லாத குவியல் என்ற அர்த்தத்தைப் பிரபலமாக்கியவர் பின்னால் வந்த ரோமானியக் கவிஞர் ஓவிட்.

அடுத்தது சைரன். கிரேக்கக் கவிஞர் ஹோமரின் ஒடிசி காவியத்தில் சைரன்கள் கடலோரப் புல்வெளியில் இருந்து பாடும் பெண்கள், பாட்டில் மயங்கிப் பக்கத்தில் போகிற மாலுமி திரும்ப மாட்டான். காவிய நாயகன் ஒடிசியஸ் தன் ஆட்களின் காதில் மெழுகை அடைத்துவிட்டு, தன்னை மட்டும் பாய்மரத்தோடு கட்டிப்போடச் சொல்லிப் பாட்டைக் கேட்கிறான். 1819இல் ஷார்ல் கன்யார் த லா தூர் என்ற பிரெஞ்சுக்காரர் ஒலியை அளப்பதற்காக ஒரு கருவி செய்தார். அது தண்ணீருக்கு அடியிலும் ஒலித்ததால் அதற்கு சைரன் என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர்தான் பிறகு ஆம்புலன்ஸ் தலையில் ஏறிவிட்டது. ஒரு சின்னக் குறிப்பு: பழைய கிரேக்கப் பானைச் சித்திரங்களில் சைரன்களுக்குப் பறவை உடம்பு. மீன் வால் பிற்காலத்தில் முளைத்தது.

பஞ்சர் கடைப் பலகையில் வல்கனைசிங் என்று பார்த்திருப்பீர்கள். ரோமானியர்களின் கொல்லன் கடவுள் வல்கன், நெருப்பு அவனுடையது. ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் ஒட்டாமல், குளிரில் உடையாமல் உறுதியாகிறது. அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் இதற்கு 1844இல் காப்புரிமை வாங்கினார். இங்கிலாந்தில் இதே வேலையில் இருந்தவர் தாமஸ் ஹான்காக். வல்கனைசேஷன் என்ற பெயரைச் சொன்னவர் ஹான்காக்கின் நண்பர் வில்லியம் பிராக்கெடன். நெருப்பும் கந்தகமும் சேர்ந்தால் வேறு யார் ஞாபகம் வரும்? எரிமலைக்கான வால்கேனோவும் இதே கடவுள்தான், சிசிலிக்கு வடக்கே வுல்கானோ என்ற தீவே இருக்கிறது.

மியூசிக், மியூசியம் இரண்டும் மியூஸ் எனப்படும் ஒன்பது கலைத் தேவதைகளிடமிருந்து வந்தவை. மியூசியம் என்றால் அவர்கள் குடியிருக்கும் இடம். அவர்களுடைய அம்மா நெமோசினி, ஞாபகத்தின் தெய்வம். மனப்பாடக் குறுக்குவழிக்கு ஆங்கிலத்தில் நெமோனிக் என்கிறார்களே, அதுவும் இவளும் ஒரே வேர்.

மனி என்ற சொல் ரோமில் ஜூனோ மொனெட்டா என்ற பெயரில் ஜூனோவுக்கு இருந்த கோயிலிலிருந்து வந்தது. கேப்பிட்டலைன் குன்றில் அந்தக் கோயிலை ஒட்டித்தான் நாணயச் சாலை இருந்தது. மொனெட்டா பிரெஞ்சு வழியாக வந்து மனி ஆயிற்று, பழைய ஆங்கிலம் வழியாக வந்து நாணயச் சாலையைக் குறிக்கும் மின்ட் ஆயிற்று. பெப்பர்மின்ட்டில் இருக்கும் மின்ட் வேறு. அது மிந்தே என்ற அணங்கின் பெயர். அவள் பாதாள ராஜாவின் காதலி, அவன் மனைவி பெர்செஃபனி அவளை மிதித்து நசுக்க, மிதித்த இடத்தில் வாசனைச் செடியாகிவிட்டாள். இங்கே செடியின் பெயர்தான் பழையது, கதை பின்னால் சேர்ந்தது என்பதுதான் பொருத்தமாக இருக்கும். இந்தச் சந்தேகத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

படி 2: இரட்டைப் பெயர்களை ஒரு தாளில் எழுதி ஒட்டிவையுங்கள்

புதியவர்கள் குழம்புவது இங்கேதான். முருகனும் ஸ்கந்தனும் ஒன்றானது போல, ரோமானியர்கள் தங்கள் பழைய தெய்வங்களை கிரேக்கத் தெய்வங்களோடு பொருத்திக்கொண்டார்கள். ஜீயஸ் ஜூபிடர், ஹீரா ஜூனோ, ஏரிஸ் மார்ஸ், அஃப்ரடைட்டி வீனஸ், ஹெர்மிஸ் மெர்க்குரி, ஹெஃபைஸ்டஸ் வல்கன், டிமீட்டர் சீரிஸ், க்ரோனோஸ் சாட்டர்ன், பொசைடன் நெப்டியூன், அதீனா மினெர்வா, ஈரோஸ் க்யூபிட். அப்போலோவுக்கு மட்டும் இரண்டு இடத்திலும் ஒரே பெயர். இவ்வளவு போதும், முழு வம்சாவளியும் வேண்டாம்.

ஆங்கிலம் இரண்டு பக்கமும் கைவைத்திருக்கிறது. காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் சீரியல் ரோமானியத் தானிய தெய்வம் சீரிஸின் பெயர். காமம் தொடர்பான எராட்டிக்கும் அஃப்ரோடிசியாக்கும் கிரேக்கப் பக்கத்திலிருந்து வந்தவை. ஃபிரிட்ஜ் மெக்கானிக்குகள் ஹெர்மெட்டிக் கம்ப்ரசர் என்பார்களே, காற்று புகாமல் மூடப்பட்டது என்று அர்த்தம். அது ஹெர்மிஸ் பெயர். கண்ணாடிக் குழாயைக் காற்றுப் புகாமல் மூடும் வித்தையை ஹெர்மிஸ் ட்ரிஸ்மெஜிஸ்டஸ் என்ற பழம்பெரும் ஞானியின் கண்டுபிடிப்பாக ரசவாதிகள் சொல்லிவந்தார்கள், அதனால்தான்.

மாதங்களை அதிகம் இழுக்க வேண்டாம். ஜனவரி, வாசலுக்கும் தொடக்கத்துக்கும் உரிய இருமுகக் கடவுள் ஜேனஸ். மார்ச் மார்ஸ், ஜூன் ஜூனோ. ஜூலையும் ஆகஸ்ட்டும் சீசர்கள், மனிதர்கள்.

படி 3: ஜாதகம் தெரிந்தால் அதைப் பயன்படுத்துங்கள்

இந்தப் படியில் தமிழ் வாசகருக்கு ஒரு வசதி இருக்கிறது. ஜோவியல், சாட்டர்னைன், மார்ஷியல், மெர்க்யூரியல் நான்கும் கிரகங்களின் வழியாக வந்த சொற்கள், அதாவது பிறந்த நேரத்தில் எந்தக் கிரகம் ஓங்கியிருந்ததோ அந்தக் குணம் ஆளுக்கு வரும் என்ற நம்பிக்கையிலிருந்து.

ஜோவ் என்பது ஜூபிடரின் இன்னொரு பெயர், நம் கணக்கில் குரு. குரு பார்க்கக் கோடி நன்மை என்று நாம் சொல்கிறோம், அவர்களும் குருவின் பிள்ளைகள் சிரித்த முகமாக, தாராள மனதோடு இருப்பார்கள் என்றார்கள். அதுதான் ஜோவியல். சாட்டர்ன் சனி, மெதுவாக நகர்வது, குளிர்ந்தது, ஆகவே சாட்டர்னைன் என்றால் இறுகிய முகம், சிரிக்காத சுபாவம். மார்ஸ் செவ்வாய், போருக்கு உரியது. ராணுவச் சட்டத்துக்கு மார்ஷியல் லா, கராத்தே வகையறாவுக்கு மார்ஷியல் ஆர்ட்ஸ். மெர்க்குரி புதன், வேகமாகச் சுற்றி ஓடுவது, மெர்க்யூரியல் என்றால் இந்த நிமிடம் ஒன்று அடுத்த நிமிடம் வேறு என்று மாறும் மனநிலை.

இந்தப் பொருத்தம் தற்செயல் இல்லை. கிரேக்க ஜோதிடம் கிறிஸ்து பிறந்து சில நூற்றாண்டுகளுக்குள் இந்தியாவுக்கு வந்து இங்கே இருந்ததோடு கலந்தது. நாம் சொல்லும் ஓரை, கேந்திரம் இரண்டும் கிரேக்கச் சொற்களின் மறுவடிவம். ஓரைக்கும் ஆங்கிலத்தின் ஹவருக்கும் பாட்டி ஒருத்திதான், ஹோரா. கிரேக்கர்கள் பருவகாலத் தேவதைகளையும் அதே பெயரில்தான் அழைத்தார்கள்.

கிழமைகளில் மட்டும் ஏமாறாதீர்கள். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி என்ற வரிசை லத்தீனிலும் பிரெஞ்சிலும் அப்படியே இருக்கிறது. ஆங்கிலேயர்கள் அந்த நான்கு நாட்களுக்கும் தங்கள் வடக்கத்திய தெய்வங்களான டீவ், வோடன், தோர், ஃப்ரிக் ஆகியோரைப் போட்டுவிட்டார்கள். ரோமானியப் பெயர் தப்பிப் பிழைத்த ஒரே நாள் சாட்டர்டே. சனியை யாரும் அசைக்கவில்லை.

பாதரசத்துக்கு மெர்க்குரி என்ற பெயரும் இதே பாதையில்தான். ரசவாதிகள் ஏழு உலோகங்களை ஏழு கிரகங்களுக்குப் பங்கிட்டிருந்தார்கள். தங்கம் சூரியன், வெள்ளி சந்திரன், இரும்பு செவ்வாய், செம்பு சுக்கிரன், வெள்ளீயம் குரு, ஈயம் சனி. ஓடிக்கொண்டே இருக்கும் பாதரசம் புதனுக்கு. மற்ற ஆறும் தங்கள் சொந்தப் பெயருக்குத் திரும்பிவிட, இது மட்டும் கிரகத்தின் பெயரோடு தங்கிவிட்டது. ஈயம் உடம்பில் ஏறி வரும் நோய்க்கு மட்டும் சாட்டர்னிசம் என்ற பழைய பெயர் மருத்துவப் புத்தகங்களில் உண்டு.

படி 4: தண்டனைக் கதைகளைக் கடைசி வரி வரை படியுங்கள்

பாதியில் நிறுத்தினால் இந்தச் சொற்கள் தப்பாகவே பதியும். டேன்டலஸ் கதையை எடுத்துக்கொள்வோம். தெய்வங்களோடு பந்தியில் உட்காரும் அளவுக்குச் செல்வாக்கான ராஜா. அவர்களைச் சோதிக்க நினைத்துத் தன் மகன் பெலப்ஸையே வெட்டிச் சமைத்துப் பரிமாறினான். மற்ற தெய்வங்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். மகளைப் பறிகொடுத்த துக்கத்தில் இருந்த டிமீட்டர் மட்டும் கவனிக்காமல் தோள்பட்டையைச் சாப்பிட்டுவிட்டாள். பிள்ளைக்கு மறுபடி உயிர் கொடுத்து, தோளுக்குத் தந்தத்தில் ஒன்று செய்து வைத்தார்கள் என்று கதை போகிறது. சொல்லுக்கு வேண்டியது இதற்கு அடுத்த கட்டம்தான், பாதாளத்தில் டேன்டலஸ் கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறான், குனிந்தால் தண்ணீர் வற்றிவிடும், நிமிர்ந்து கையை நீட்டினால் தலைக்கு மேலே தொங்கும் பேரியும் மாதுளையும் அத்தியும் காற்றில் விலகிவிடும், முடிவே இல்லை.

ஆகவே டேன்டலைஸ் என்பது சும்மா ஆசைகாட்டுவது இல்லை. பொருள் கண்ணெதிரே இருக்க வேண்டும், எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், எட்டக் கூடாது. கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கியிருக்கும் கேக்கைப் பையில் காசில்லாமல் பார்த்துக்கொண்டு நிற்பவனுக்கு இந்தச் சொல் பொருந்தும். இன்னும் பார்க்காத ஊரைப் பற்றி ஆசைப்படுவதற்குப் பொருந்தாது.

ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் ஆண்டர்ஸ் எக்கெபெர்க் 1802இல் புதிய உலோகம் ஒன்றைக் கண்டுபிடித்தபோது, அதன் ஆக்சைடை அமிலத்தில் முக்கி வைத்தாலும் அது அமிலத்தைத் துளியும் ஏற்கவில்லை என்று கவனித்தார். கழுத்தளவு தண்ணீரில் நின்றும் ஒரு வாய் குடிக்க முடியாதவன் ஞாபகம் வந்தது. உலோகத்துக்கு டேன்டலம் என்று பெயர். இன்று செல்போன், லேப்டாப் போர்டுகளில் இருக்கும் சின்னச் சின்ன கெப்பாசிட்டர்களில் அது இருக்கிறது. 1844இல் ஜெர்மானியர் ஹைன்ரிக் ரோஸ, டேன்டலத்தோடு ஒட்டியே கிடைத்த, பிரித்தெடுக்கப் பாடாய்ப் படுத்திய இன்னொரு தனிமத்துக்கு நியோபியம் என்று பெயரிட்டார். காரணம், நியோபி டேன்டலஸின் மகள். தனிம அட்டவணையில் 41உம் 73உம் ஒன்றின் கீழ் ஒன்றாக மகளும் அப்பாவுமாக நிற்கின்றன. வேதியியலில் எனக்கு மிகவும் பிடித்த பெயர்சூட்டல் இதுதான்.

அப்புறம் கடினமான வேலைகளைக் குறிக்கும் மூன்று சொற்கள். ஹெர்குலியன் என்றால் சாதாரண மனிதனால் முடியாத அளவு பெரிய வேலை, ஆனால் முடிக்கக்கூடியது, ஹெர்குலிஸ் தனக்கு இட்ட வேலைகளை முடித்தான். சிசிஃபியன் என்றால் முடியவே முடியாத வேலை. சாவையே சங்கிலியில் கட்டி ஏமாற்றிய சிசிஃபஸ் பாறையை மலை உச்சிக்கு உருட்டுகிறான், உச்சியைத் தொடும் நேரத்தில் அது கீழே உருண்டுவிடும், மறுபடி முதலிலிருந்து. ஆஜியன் என்பது வருஷக்கணக்கில் சேர்ந்த அழுக்கு. ஆஜியஸ் ராஜாவின் தொழுவத்தை யாரும் கழுவியதே இல்லை, ஹெர்குலிஸ் ஆல்ஃபியஸ், பினியஸ் என்ற இரண்டு ஆறுகளைத் திருப்பிவிட்டு ஒரே நாளில் கழுவினான். ஊழலில் ஊறிய அலுவலகத்தைச் சுத்தம் செய்வதற்கு ஆஜியன், ஆயிரம் பக்கக் கணக்கை ஒரு வாரத்தில் முடிப்பதற்கு ஹெர்குலியன், தினமும் வந்து குவிகிற மின்னஞ்சலுக்குப் பதில் போடுவதற்கு சிசிஃபியன். மூன்றையும் மாற்றிப் போட்டால் படித்தவர்கள் உடனே கண்டுபிடிப்பார்கள்.

படி 5: ஒரு கதையிலிருந்து எத்தனை சொல் கிடைக்கிறது என்று தேடுங்கள்

சொல்லுக்கு ஒரு கதை என்று போனால் வேலை நீளும், கதைக்கு நான்கு சொல் என்று போனால் லாபம். ஓவிடின் மெட்டமார்ஃபோசிஸ் 11ஆம் காண்டத்தில் வரும் சீக்ஸ், அல்சியோனி கதை இதற்கு நல்ல உதாரணம்.

சீக்ஸ் ராஜா கடற்பயணம் போகிறான், புயலில் கப்பல் மூழ்கிச் சாகிறான். மனைவி அல்சியோனிக்குத் தெரியாது. கணவன் நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்று தினமும் ஜூனோ சந்நிதியில் வேண்டிக்கொள்கிறாள். செத்தவனுக்காக வேண்டுவதைக் கேட்டுக்கொண்டிருக்க ஜூனோவுக்கே தாங்கவில்லை, வானவில் தேவதை ஐரிஸைக் கூப்பிட்டு உறக்கத்தின் கடவுளிடம் அனுப்புகிறாள். ஐரிஸ் தன் ஆயிரம் வண்ண உடையோடு இறங்கிப்போகும் குகையில் சேவல் கூவாது, நாய் குரைக்காது, வாசலில் கசகசாச் செடிகள் பூத்து நிற்கும். உறக்கத்தின் கடவுள், மனித உருவங்களை அப்படியே போலச்செய்யும் தன் மகன் மார்ஃபியஸை எழுப்பி அனுப்புகிறான். ஈரம் சொட்டும் தாடியோடு சீக்ஸ் உருவத்தில் அவள் கட்டிலருகே நின்று மார்ஃபியஸ் விஷயத்தைச் சொல்கிறான். மறுநாள் கரைக்கு ஓடியவள் அலையில் மிதந்து வரும் உடலைப் பார்த்துப் பாய்கிறாள், தண்ணீரைத் தொடும் முன்பே பறவையாகிறாள், அவனும் பறவையாகிறான். குளிர்காலத்தில் அவள் கடல்மேல் கூட்டில் அடைகாக்கும் ஏழு நாட்கள் காற்றுகளின் காவலனான அவள் அப்பா காற்றைக் கட்டிவைக்கிறான், கடல் அமைதியாக இருக்கிறது.

இப்போது எண்ணுங்கள். கண்ணின் பாப்பாவைச் சுற்றியுள்ள நிற வளையம் ஐரிஸ், கோணம் மாறினால் நிறம் மாறும் மயில்கழுத்துப் பளபளப்புக்கு இரிடசென்ட், உப்புகள் பல நிறத்தில் வந்ததால் 1803இல் ஸ்மித்சன் டெனன்ட் பெயரிட்ட இரிடியம். கசகசாச் செடியின் பாலான அபினிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மன் மருந்தாளர் செர்ட்யூர்னர் பிரித்தெடுத்த வலிநீக்கி மார்ஃபின். பழைய அமைதியான நல்ல காலத்துக்கு ஹால்சியன் டேஸ். இதை எதிர்காலத்துக்குப் போடாதீர்கள், ஏக்கத்தோடு திரும்பிப் பார்ப்பதற்கே இன்றைய வழக்கு. வயலோர மின்கம்பியில் நீல முதுகும் வெள்ளைத் தொண்டையுமாக உட்கார்ந்திருக்குமே, வெண்தொண்டை மீன்கொத்தி, அதன் விலங்கியல் பெயர் ஹால்சியன் ஸ்மிர்னென்சிஸ். அதுவும் அல்சியோனிதான்.

மருத்துவம் படிப்பவர்களுக்கு இந்தப் படி இன்னும் பலன் தரும். கண் ஆஸ்பத்திரியில் பாப்பாவை விரியச் செய்ய ஊற்றும் சொட்டு மருந்து வகைகளில் ஒன்று அட்ரோபின், அது அட்ரோப்பா பெல்லடோனா என்ற நச்சுச் செடியிலிருந்து வந்தது. விதியின் மூன்று சகோதரிகளில் க்ளோத்தோ நூல் நூற்பாள், லகெசிஸ் அளப்பாள், அட்ரோபோஸ் வெட்டுவாள். பழத்தைத் தின்றவன் ஆயுள் நூல் அறுந்துவிடும் என்பதால் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த பெயர் அது. கழுத்தெலும்பில் முதலாவதுக்கு அட்லஸ் என்று பெயர், தலையைத் தாங்குவதால். ஹைஜீனும் பேனசியாவும் மருத்துவக் கடவுள் அஸ்கிலீப்பியஸின் இரண்டு மகள்கள்; ஒருத்தி நோய் வராமல் பார்ப்பவள், மற்றவள் எல்லா நோய்க்கும் மருந்து வைத்திருப்பவள். மருத்துவர்கள் எடுக்கும் ஹிப்போக்ரட்டிஸ் உறுதிமொழியின் பழைய வடிவத்தில் இருவர் பெயரும் இருக்கிறது. மருத்துவச் சின்னத்தில் ஒரு பாம்பு சுற்றிய கோல்தான் அஸ்கிலீப்பியஸுடையது. இரண்டு பாம்பும் இறக்கையும் இருந்தால் அது வணிகர்களின் கடவுள் ஹெர்மிஸின் கோல், 1902இல் அமெரிக்க ராணுவ மருத்துவப் பிரிவு எடுத்துக்கொண்டதிலிருந்து எங்கும் பரவிவிட்டது. வணிகக் கடவுளின் கோல் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பது ஒருவகையில் பொருத்தம்தான் என்று சொல்பவர்களும் உண்டு.

படி 6: போலிகளைப் பிரித்தெடுங்கள்

கொஞ்சம் பழகியதும் எல்லாச் சொல்லிலும் கடவுள் தெரிய ஆரம்பிப்பார். இங்கே நிதானம் வேண்டும்.

பேனிக் உண்மையிலேயே ஆட்டுக்கால் கடவுள் பேனிடமிருந்து வந்தது. ஆளில்லாத காட்டிலும் மலையிலும் காரணமே இல்லாமல் மந்தையும் மனிதனும் மிரண்டு ஓடுவது அவன் வேலை என்று நம்பினார்கள். மாரத்தான் போரின் சமயம், கி.மு. 490இல், ஸ்பார்ட்டாவுக்கு ஓடிய ஏதென்ஸ் தூதனை வழிமறித்து ‘என்னை ஏன் கவனிப்பதில்லை’ என்று பேன் கேட்டதாகவும், பிறகு ஏதென்ஸ்காரர்கள் அக்ரோபோலிஸ் அடிவாரத்தில் அவனுக்குச் சந்நிதி அமைத்ததாகவும் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். ஆனால் பேண்டமிக், பனோரமா இரண்டிலும் இருக்கும் பேன் வெறும் முன்னொட்டு, எல்லாம் என்று பொருள். ஆட்டுக்கால்காரனுக்குச் சம்பந்தமில்லை.

மலைப்பாம்புக்கான பைத்தான், டெல்ஃபியில் அப்போலோ கொன்ற பெரும்பாம்பின் பெயர். கணினி மொழி பைத்தானுக்கு அந்தப் பாம்போடு உறவில்லை, அது ஒரு பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவின் பெயரிலிருந்து எடுத்தது. பஸ் டெர்மினஸ் எல்லைக்கல்லுக்கு உரிய ரோமானியக் கடவுளின் பெயரே, பிப்ரவரி 23இல் அவருக்கு டெர்மினேலியா என்று விழாகூட இருந்தது. ஆனால் கடுக்காய், மருத மரம் இவற்றின் தாவரப் பேரினப் பெயரும் டெர்மினேலியா என்பதைப் பார்த்து விழாவோடு முடிச்சுப் போடக் கூடாது, இலைகள் கிளை நுனியில் கொத்தாக இருப்பதால் வந்த பெயர் அது. மார்ஷியல் மார்ஸ், மார்ஷல் அப்படியில்லை, குதிரை லாயக்காரனைக் குறிக்கும் ஜெர்மானியச் சொல். தோரியம், வனேடியம் என்ற தனிமங்கள் இரண்டுக்கும் பெயர் தந்தவர்கள் வடக்கத்திய தெய்வங்கள்.

கதையிலேயே தப்பு ஏறியதும் உண்டு. மாவீரன் அக்கிலீஸின் குதிகால் மட்டும் ஆயுதம் தாக்கும் இடம் என்பது ஹோமரின் இன்னொரு காவியமான இலியத்தில் கிடையாது. ஹோமரின் அக்கிலீஸுக்கு ரத்தம் வரும். உலகத்துத் துன்பங்களையெல்லாம் திறந்துவிட்ட பேண்டோராவிடம் இருந்தது பெட்டி இல்லை, ஹெசியட் சொல்வது பெரிய மண் ஜாடி, 16ஆம் நூற்றாண்டில் டச்சு அறிஞர் எராஸ்மஸ் லத்தீனில் எழுதும்போது அது பெட்டியாகிவிட்டது. அட்லஸ் தோளில் இருந்தது வானம், பூமி உருண்டை இல்லை. நார்சிசிசம் தன்னழகில் மயங்கிய நார்சிஸஸிடமிருந்து வந்தது சரி, ஆனால் நார்சிஸஸ் பூவின் பெயர் அந்தப் பையனிடமிருந்து வரவில்லை, மரத்துப்போதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்று ரோமானிய எழுத்தாளர் பிளைனி முதலாம் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார். மிந்தே விஷயத்தில் சொன்ன சந்தேகம் இதுதான். சந்தேகம் வந்தால் சொற்பிறப்பு அகராதியைத் திறந்து, சொல் முதலில் எழுத்தில் வந்த ஆண்டையும் அது எந்த மொழியிலிருந்து வந்தது என்பதையும் பாருங்கள்.

படி 7: உச்சரிப்பும் பெரிய எழுத்தும்

கிரேக்கச் சொற்களில் ‘சி, எச்’ சேர்ந்து வந்தால் பெரும்பாலும் க ஒலி. கேயாஸ், எக்கோ, அக்கிலீஸ், சைக்கி. கடைசியில் வரும் ‘ஈ’ பல பெயர்களில் பேசும், பெனலபி, யூரிடிசி, அஃப்ரடைட்டி. வெற்றித் தெய்வத்தின் பெயரை வைத்த ஷூ கம்பெனியை நம்மூரில் நைக் என்கிறோம், அவர்கள் சொல்வது நைக்கி. ‘பி, எஸ்’ என்று தொடங்கினால் பி ஊமை.

பெரிய எழுத்துக்கு எளிய வழி, கதை இன்னும் கண்ணுக்குத் தெரிகிற சொல்லுக்குப் பெரிய எழுத்து, தேய்ந்துபோனதற்குச் சின்ன எழுத்து. பேனிக், எக்கோ, சீரியல், டேன்டலைஸ், ஜோவியல் எல்லாம் சின்ன எழுத்தில். ஆஜியன், சிசிஃபியன், அக்கிலீஸ் ஹீல், ட்ரோஜன் ஹார்ஸ் பெரிய எழுத்தில். ஹெர்குலியன் இரண்டு விதமாகவும் அச்சில் வரும். மெர்க்குரி கிரகமானால் பெரியது, பாதரசமானால் சின்னது.

எங்கிருந்து படிக்கத் தொடங்குவது என்றால், ஒடிசியின் 11ஆம், 12ஆம் காண்டங்களை நல்ல ஆங்கில உரைநடை மொழிபெயர்ப்பில் முதலில் படியுங்கள், டேன்டலஸ், சிசிஃபஸ், சைரன்கள் அங்கேயே கிடைப்பார்கள். பிறகு ஓவிடில் எக்கோவுக்கும் நார்சிஸஸுக்கும் 3, அரக்னிக்கும் நியோபிக்கும் 6, மைடஸுக்கும் அல்சியோனிக்கும் 11. முழுப் புத்தகத்தையும் முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்கார்ந்தால் பாதியில் மூடி வைத்துவிடுவீர்கள், காண்டம் காண்டமாக எடுத்தால் ஒரு உட்காரலில் ஒரு கதை முடியும்.